கடைசி இடம்

"ராட்லியை மட்டும் எடுத்துடாத ஹார்லன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் கர்ட்டிஸ், கோழி இறக்கையைக் கடித்தபடி.

ஞாயிறு மதியம். டுவைட்டின் கார் ஷெட்டில் பத்துப் பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பள்ளிப் பேருந்துப் பணிமனைக்காரர்கள். பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்த ஊர் இது. சீசன் தொடங்குமுன் காகிதத்தில் அணி கட்டுவது இவர்களுக்கு வருடாந்தரத் திருவிழா. நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஒருவராக, சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த ஆள் களத்தில் ஓடினால் புள்ளி. ஓடாவிட்டால் பூஜ்யம்.

ராட்லி ஓடுவானா என்பதுதான் இப்போது கேள்வி. போன சீசனில் அவனைப் போல ஓடியவன் யாரும் இல்லை. ஆனால் கோடையில், பயிற்சியின்போது தன் அணிக்காரன் ஒருவனின் மூக்கை உடைத்துவிட்டான். விசாரணை நடக்கிறது. பாதி சீசனுக்குத் தடை நிச்சயம் என்று டிவியில் அடித்துச் சொல்கிறார்கள்.

"அவன் வீட்டுல உட்கார்ந்து கிடப்பான். நீ பான்கேக் கடையில உட்கார்ந்து கிடப்ப," என்றார் டுவைட்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி இடம் பிடிப்பவர் ஜனவரியில் ஒரு நாள், நெடுஞ்சாலை ஓரத்துப் பான்கேக் கடையில் இருபத்திநாலு மணி நேரம் உட்கார வேண்டும். அதுதான் தண்டனை. பாகு ஊற்றிய இனிப்புத் தோசை மாதிரி இருக்கும் பான்கேக்கில், தின்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் தள்ளுபடி. கடந்த இரண்டு வருடமும் அந்தப் பெருமை ஹார்லனுக்கே கிடைத்தது.

"அதுலயும் இவன் ஒரு பான்கேக்கூடத் தின்னலப்பா," என்றார் கர்ட்டிஸ். "காலையில போய்ப் பார்த்தேன், காபி குடிச்சிட்டிருந்தான். சாயங்காலம் போனேன், அப்பவும் காபி. நானா இருந்தா பன்னெண்டைத் தின்னுட்டுப் பாதி நாள்ல வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்."

"எனக்குச் சர்க்கரை இருக்குய்யா," என்றார் ஹார்லன்.

"இப்போ மூணாவது துண்டு கேக்கு வாயில போகுதே, அதுல என்ன உப்பா போட்டிருக்கு?"

ஹார்லன் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருடைய முறை வந்துவிட்டது. பலகையில் நல்ல பெயர்களாக மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று மோஸ்லி, இன்னொன்று ராட்லி.

டுவைட் அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "மோஸ்லிய எடு. சுவாரசியம் இல்லாத ஆள்தான், ஆனா ஒரு ஆட்டம் தவறவிட மாட்டான். உன் சம்சாரம் போனதுக்கப்புறம் ஒண்டியா இருக்கற. உன்னக் கொண்டுபோய் அங்க உட்கார வச்சிட்டுச் சிரிக்கறதுக்கு எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்குடா."

ஹார்லன் இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"ராட்லி," என்றார்.

ஷெட்டே கூச்சல் போட்டது. "பட்டாலும் புத்தி வராது இவனுக்கு," என்று தலையில் அடித்துக்கொண்டார் கர்ட்டிஸ். டுவைட் பெருமூச்சு விட்டுப் பலகையில் எழுதினார். அடுத்து மோஸ்லியைக் கர்ட்டிஸ் எடுத்துக்கொண்டார். ஹார்லன் நிம்மதியாக நாலாவது துண்டு கேக்கை எடுத்தார்.

நாலாவது சுற்று நடக்கும்போது கர்ட்டிஸின் செல்போன் அடித்தது. பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தடை இல்லையாம். மூக்கு உடைஞ்சவனே வந்து, தப்பு என் மேலதான்னு சொல்லிட்டானாம். முதல் ஆட்டத்துலேருந்தே ராட்லி ஓடறான்."

ஆளாளுக்கு ஹார்லனின் முதுகில் தட்டினார்கள். "ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துட்டு எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியேடா," என்றார் டுவைட். இந்த வருடக் கோப்பை ஹார்லனுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஹார்லன் மட்டும் கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"கர்ட்டிஸ், வேணும்னா நீ ராட்லிய எடுத்துக்கயேன். மோஸ்லிய எனக்குக் குடு."

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாத," என்றார் கர்ட்டிஸ்.

மாலையில் ஹார்லன் நேராகப் பான்கேக் கடைக்குப் போய், கடைசி முக்காலியில் உட்கார்ந்தார். அங்கே பரிமாறுகிற வெர்னா காபியோடு வந்தார். வருகிறவர்களையெல்லாம் 'கண்ணு' என்று அழைக்கிற வெர்னா இவரை மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"யாரை எடுத்தீங்க ஹார்லன்?"

"ராட்லிய."

"அவனுக்குத்தான் தடை வருதாமே," என்றார் வெர்னா. குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

"இல்லன்னு ஆயிடுச்சு. இந்த வருஷம் நான் கடைசியா வர மாட்டேன் போலிருக்கு."

காபி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

வண்டிக்காரர்கள் வந்து, தின்று, எழுந்து போகிற கடை அது. சாப்பிட்டு முடித்தவர் மேலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க ஒரு காரணம் வேண்டும். ஹார்லனுக்கு அது வருடத்தில் ஒரு நாள்தான் கிடைத்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அடிபட்டவன், தடை வரப்போகிறவன் என்று தேடித் தேடி எடுத்தார். அதுவும் இந்த வருடம் காலை வாரிவிட்டது.

"உங்களுக்கும் நல்லதுதான்," என்றார், கோப்பையைப் பார்த்தபடி. "இருபத்திநாலு மணி நேரமும் ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்து கதை பேசினா, வேலை பார்க்கறவங்களுக்கு இம்சைதானே."

வெர்னா காபிக் குடுவையைக் கீழே வைத்தார்.

"ஹார்லன், இந்தக் கடையில ஒருத்தருக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. அந்த ரெண்டு தடவையும் மிச்சப் பதினாறு மணி நேரம் நான் வீட்டுக்குப் போகாம எதுக்கு நின்னேன்னு நினைச்சீங்க?"