சுகிர்தாவின் முதல் வலைத்தளம்

தாழ்ப்பாள் தெறித்துக் கதவு படாரென்று திறந்தது. வாசலில் ஜெபசிங் நின்றான். சுகிர்தா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

புருஷன் ஜெபசிங்கின் அடிக்குப் பயந்து அவள் ஊரை விட்டு ஓடிவந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த இடம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பகலில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே வலைத்தள வடிவமைப்பு கற்றாள். வேலை தேடுவதற்காக, தான் செய்து பழகிய பக்கங்களையெல்லாம் ஒரே தளமாகக் கோத்து, போன வாரம்தான் இணையத்தில் ஏற்றினாள். வரும் திங்கட்கிழமை அவளுடைய முதல் நேர்முகத் தேர்வு.

அவன் கணினியைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தான். திரை சிதறியது. அடுத்த அடி அவள் வாயில் விழுந்தது. கிழிந்த உதட்டிலிருந்து விசைப்பலகையின் மேல் ரத்தம் சொட்டியது.

"எங்கம்மாவை என்ன செஞ்சீங்க? அடிச்சுக் கேட்டீங்களா?" என்று அலறினாள்.

ஜெபசிங் சிரித்துக்கொண்டே தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஏட்டி, உங்கம்மா எதுக்கு? உன் பேரைத் தட்டினா தளம் வந்து நிக்குது. அடியில 'தொடர்புக்கு'ன்னு கதவு நம்பர் வரைக்கும் நீயே போட்டிருக்கியே!"