சிப்பாயின் பத்தியம்

கோட்டுக்காரர் சிப்பாயின் பின்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"குண்டிக்காய்க் கோளாறு, கிட்னிம்பாங்க. சந்தேகமே இல்லைங்க" என்றார்.

சென்னிமலைக்கு அழுகை வந்துவிட்டது. கிழட்டு நாய் சிப்பாயை வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, மல்லூரிலிருந்து சேலத்து மாட்டாஸ்பத்திரிக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. அதில் கறுப்புக் கோட்டும் கால்சட்டையுமாக உட்கார்ந்திருந்தவரிடம் நேராகப் போய், நாயை அவர் காலடியில் கிடத்திவிட்டார்.

"சாமி, பானை பானையாத் தண்ணி குடிக்கிறானுங்க. சோத்தை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறான். வாயெல்லாம் நாத்தம். வயசாயிருச்சு, உட்ருன்னு சொல்றாங்க ஊர்ல. எனக்கு மனசு வரலீங்க."

"எதுக்குங்க உடோணும்? வயசானா செத்துப் போயிரோணுமா?" கோட்டுக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "மொதல்ல உப்பை நிறுத்துங்க. கறி, எலும்பு, கருவாடு எதையும் கண்ணுல காட்டக்கூடாது. பார்லிக் கஞ்சி குடுங்க. தண்ணி கேக்கறப்பெல்லாம் குடுங்க. ராத்திரியில கட்டிப் போட்றாதீங்க. பாவம், அடிக்கடி எந்திரிச்சு வெளிய போகோணும்."

"சரிங்க சாமி."

"பத்து நாளைக்குத்தான் கஷ்டம். நாக்கு செத்துப்போகும். கனவுல ஊறுகாய்ச் சாடியா வரும். மனசை உட்றக்கூடாது."

"நாய்க்குமுங்களா?"

"யாரா இருந்தா என்னங்க?" என்று பெருமூச்சு விட்டார் கோட்டுக்காரர்.

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சென்னிமலை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வீட்டில்தான் வினை ஆரம்பித்தது. சிப்பாய் தனியாக வைத்த எதையும் தொடாது. சென்னிமலை சாப்பிட்டு மிச்சம் வைத்த இலையில்தான் வாய் வைக்கும். பார்லிக் கஞ்சியை முன்னால் வைத்தால், அதை விட்டுவிட்டு அவருடைய இலையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. வேறு வழியில்லாமல் சென்னிமலையும் உப்பில்லாப் பார்லிக் கஞ்சிக்கு மாறினார்.

"டாக்டரு நாய்க்குத்தானே சொன்னாரு? நீங்க எதுக்குக் குடிக்கறீங்க?" என்று கத்தினாள் அவர் மனைவி ஆத்தாயி. "எனக்குக் காச்சல் வந்தப்போ ஒரு கசாயம் வெச்சுக் குடுத்தீங்களா? நாய்க்கு மட்டும் வண்டி பூட்டறீங்க!"

"அவனுக்குத் தானாக் கசாயம் வெச்சுக்கத் தெரியாது புள்ளே" என்றார் சென்னிமலை.

அந்த வருஷம் பார்த்துத்தான், உப்புக் காய்ச்சியவர்களை எல்லாம் சர்க்கார் பிடித்து ஜெயிலில் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பன் கதர்க்குல்லாயை மாட்டிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார்.

"நாடே உப்புக்காக அடி வாங்குது. நீ உப்பே வேண்டாங்கறயாமா? வெள்ளைக்காரன் பக்கம் சேந்துட்டயா?"

"அதெல்லாம் இல்லப்பா. எல்லாம் சிப்பாய்க்காகத்தான்."

காளியப்பனுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

சென்னிமலை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்கு எதிரே வாலாட்ட இருந்தது அந்த நாய் ஒன்றுதான். அது தூக்கத்தில் முனகினால் பக்கத்தில் குந்தித் தலையைத் தடவிக் கொடுப்பார். "ஊறுகாய்க் கனவுதான் சாமி, வேறொண்ணுமில்ல. மனசை உட்றாதே" என்பார்.

மெல்ல மெல்லக் கால் வீக்கம் வடிந்தது. சோற்றில் ஆசை வந்தது. ஒரு நாள் காலையில் சிப்பாய் பழையபடி குரைத்துக்கொண்டு தபால்காரரைக் கிணற்றுமேடு வரைக்கும் துரத்தியது. அதைப் பார்த்த சென்னிமலை தேம்பித் தேம்பி அழுதார். தனக்காகத்தான் இப்படி அழுகிறார் என்று நினைத்த தபால்காரர், "கடிக்கலீங்க, அழாதீங்க" என்று மூச்சிரைக்கச் சமாதானம் சொன்னார்.

மறுநாளே ஒரு ரோஜா மாலை, ஒரு வாழைத்தார், சிப்பாய் சகிதம் சென்னிமலை மாட்டாஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார். அதே நாற்காலி, அதே கறுப்புக் கோட்டு. ஓடிப்போய் மாலையைப் போட்டுவிட்டார்.

"சாமி, உங்க வாக்குப் பலிச்சுருச்சு! பொழச்சுட்டானுங்க!"

கோட்டுக்காரர் நாயின் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "நெசமாவா? நெசமாவேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஆனா மறுபடியும் உப்பைக் காட்டிராதீங்க. இது அடியோட போற சீக்கில்லைங்க. அடக்கித்தான் வெக்கோணும்."

"நீங்க சொன்னாச் சரிங்க. இவன் இருக்கிற மட்டும் உங்க வைத்தியந்தான். எங்கூர்ல நோவுல கெடக்கற மாட்டையெல்லாம் நாளைக்கே உங்ககிட்ட ஓட்டியாறச் சொல்லிட்டேன்!"

கோட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். அப்போது வேட்டியும் தலைப்பாகையுமாக ஒருவர் கையில் தோல்பையோடு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் கோட்டுக்காரர் மாலையோடு துள்ளி எழுந்தார்.

"வாங்க டாக்டர்! எங்க எருமைக்கு மருந்து அப்பறம் வாங்கிக்கறேன், ரயிலாஸ்பத்திரியில என் குண்டிக்காய்க்குச் சொன்ன பத்தியம் நாய்க்கும் கேட்டுருச்சுங்க!"