தெருவின் வேண்டுதல்

மந்தைவெளியில் பூட்டிக் கிடந்த தன் காலி மனையை விற்பதற்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கல்யாணராமன், தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கும்பிட நின்றார்.

"கல்யாணராமன், விசாக நட்சத்திரம்..." என்று குருக்கள் அர்ச்சனையைத் தொடங்கியதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய பெயர்; அவருடைய நட்சத்திரமேதான்!

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்திருந்தவள் பூக்காரி தேசம்மா.

"யாரும்மா இந்தக் கல்யாணராமன்?"

"அந்தக் காலி மனைக்கு ஓனரு சார். அமெரிக்கால கீறாரு. நாங்க யாரும் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. அவங்கம்மா இந்தக் கோயில்லதான் அவரு பேருக்கு அர்ச்சன பண்ணிக்கினு இருந்தாங்க. அவங்க போனப்புறமும் நாங்க உடல. வெள்ளிக்கிழமயானா தெருவே சேர்ந்து பண்றோம்."

முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு தெருவே சாமி கும்பிடுகிறதா! கல்யாணராமனுக்குக் கண் கலங்கியது.

"அவருக்காக என்னன்னு வேண்டிப்பீங்க?"

"அங்கியே நல்லா இருக்கணும், இந்தப் பக்கம் வந்துடவே கூடாதுன்னுதான் சார். மழ பேஞ்சா தெருத் தண்ணி மொத்தமும் அந்த மனைலதான் எறங்குது. அவரு வந்து வித்து, அதுல ஃப்ளாட்டு கட்டிட்டாங்கன்னா, தண்ணி எங்க வீட்டுக்குள்ள பூந்துரும்."

மனையை வாங்கவிருந்த பில்டரிடமிருந்து போன் வந்தது. கல்யாணராமன் எடுக்கவில்லை.

"மாமா, உங்களுக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடட்டுமா? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"கல்யாணராமன் பேருக்கே இன்னொரு தரம் பண்ணிடுங்கோ. இந்தம்மா வேண்டிண்டது பலிக்கட்டும்."