முதலாளி சொன்ன பத்தியம்

"விரல் மடங்கலைன்னா என்ன அர்த்தம்? வாயைக் கட்டலைன்னு அர்த்தம்." பட்டறைக்கே கேட்கிற மாதிரி சொன்னார் முதலாளி.

பாலிஷ்காரன் மெஷினை இறக்கி வைத்தான். விரல்கள் மூட்டுக்கு மூட்டு வீங்கியிருந்தன.

"சிகரெட் எத்தனை ஓடுது?"

"அதை விட்டாச்சு முதலாளி."

"டீயைப் பத்திப் பேச மாட்டியே! என்னைப் பாரு. காலையில நடை, ராத்திரி வெறும் பழம். மாத்திரைன்னு ஒண்ணு கிடையாது."

சமையலறை மேடைக்குக் கல் அறுத்துப் பாலிஷ் போடுகிற பட்டறை. எந்நேரமும் வெள்ளைப் புழுதி. முதலாளி மட்டும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லோருக்கும் பத்தியம் சொல்வார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'பச்சைக்காய்'.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாலிஷ்காரனைத் தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். சாப்பாட்டு விஷயத்துல நான் சொன்னா இவன் காதுலயே போட்டுக்கறதில்லை."

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "இவர் உடம்பே இவர் மூட்டைத் தாக்குது. சிகரெட்டை விட்டது நல்லது. காய்கறி, தூக்கம், நடை எல்லாம் உதவும். ஆனா சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்தூசியும் இதைக் கிளப்பி விடலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

முதலாளி சட்டென்று பாலிஷ்காரனைத் திரும்பிப் பார்த்தார். தூசி அடங்கத் தண்ணீர்க் குழாயும், மூக்குக்கு நல்ல முகமூடியும் கேட்டு வந்தவன் இதே ஆள்தான். "முதல்ல வாயைக் கட்டு" என்று விரட்டியது அவரேதான்.

"துணிக்கடையில, டாக்டர். மடிச்சு வைக்கிற வேலை" என்றான் பாலிஷ்காரன்.

"நல்லவேளை. தூசியில இருந்தீங்கன்னா உடனே வெளிய வரச் சொல்லியிருப்பேன்."

முதலாளி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் அவன் தோளில் கை வைத்தார்.

"என்னைக் காட்டிக் கொடுக்காம விட்டியேப்பா. அதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"உங்களுக்காக இல்லை முதலாளி. கல் அறுக்கிற ரெண்டு பேருக்கும் விரல் வீங்க ஆரம்பிச்சிருக்கு. உண்மையைச் சொல்லியிருந்தா, மாட்டிக்குவோம்னு பயந்து நீங்க அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர மாட்டீங்களே."