பக்கத்து சீட்டு

“மதலேனா மேடம்கிட்ட பேசலாமா சார்?”

“அவ லேட்டும்மா” என்றார் மறுமுனையில் இருந்தவர். “நான் அவ வீட்டுக்காரர், ஆம்ப்ரோஸ். என்கிட்ட சொல்லுங்க.”

திவ்யதர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் இயங்கும் அந்தச் சின்ன இசைச் சங்கத்துக்கு அடுத்த மாதம் புது சீசன். ஆறு பியானோ கச்சேரி, நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் மியூசிக் நான்கு. காலையிலிருந்து பழைய சந்தாதாரர்களுக்குப் போன் போட்டுப் போட்டு அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. யாராவது தவறிப்போயிருந்தால் பட்டியலில் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அடித்து, அந்த சீட்டைக் காத்திருப்போருக்குக் கொடுத்துவிட வேண்டும். சங்கத்தில் அப்படித்தான் வழக்கம்.

மதலேனாவின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அடித்தாள். பாவமாகத்தான் இருந்தது.

“ஐயோ, சாரி சார். அப்ப இந்த சீசனுக்கு உங்களுக்கு ஒரு சீட்டு போதும்ல?”

“என்னம்மா ஒரு சீட்டு? எச் வரிசையில ரெண்டு சீட்டு, பக்கத்துப் பக்கத்துல. பதினாலு வருஷமா அதான்லா.”

“இல்ல சார், மேடம் வர முடியாதே...”

“ஏன் முடியாது? பியானோன்னா அவ வராம இருப்பாளா?” குரல் தாழ்ந்தது. “என்கிட்டதான் இப்பல்லாம் பேசறதில்ல. நாள் பூரா பக்கத்துலயே உட்கார்ந்து பேசறேன். ஒரு வார்த்தை அவ காதுல விழறதில்ல. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறா.”

ஏசி அறையிலும் திவ்யாவுக்கு முதுகு வியர்த்தது. போனை வைத்துவிடலாமா என்றிருந்தது. கை வரவில்லை.

“அந்த சீட்டை வேற யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்கம்மா. அவளைத் தனியா உட்கார வெச்சுடாதீங்க. தாங்க மாட்டா.”

மனுஷர் அழுதேவிடுவார் போலிருந்தது. திவ்யாவால் அதற்கு மேல் முடியவில்லை. செத்துப்போனவருக்கு டிக்கெட் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே, எச் 12, எச் 13 இரண்டையும் அவர்கள் பெயரிலேயே உறுதி செய்தாள். மேலதிகாரி அண்ணாதுரை கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை, அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள்.

“புது சீசன் விஷயமா வந்தேன்மா. புக்கிட் மேராவுல இருந்து, மதலேனா.”

திவ்யா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“நீங்க... நீங்க லேட்டுன்னு...”

“ஆமாம்மா, ரொம்ப லேட்டாயிடுச்சு. லூர்து மாதா கோயில்ல பூசை முடியவே நேரமாயிடுச்சு. ஆபீஸ் மூடிருப்பீங்களோன்னு ஓடி வரேன்.”

லேட்! அட, அந்த லேட்டா! திவ்யா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள், அந்த அங்கிள் புலம்புகிறார்; அதற்குப் போய் இவ்வளவு நடுக்கமா? பட்டியலில் அடித்த அந்த வார்த்தையை முதல் வேலையாக அழித்தாள்.

“கவலையே வேணாம் ஆன்ட்டி” என்றாள் சிரித்துக்கொண்டே. “ரெண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்துலயே போட்டாச்சு. வீட்டுக்குப் போன் பண்ணேன், அங்கிள்தான் எடுத்தாரு. அப்படிக் கெஞ்சறாரு! அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க ஆன்ட்டி, பாவம்.”

மதலேனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“வீடு பூட்டிக் கிடக்கும்மா” என்றார் மெல்ல. “அவரோட முதல் வருஷ நினைவுப் பூசையை முடிச்சிட்டு, அந்தப் பக்கத்து சீட்டைக் கேன்சல் பண்ணத்தான் வந்தேன்.”