யாருக்க அழுக்கு?

தேவாலயச் சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாந்தி, பேதி.

சமையல்காரர் செல்வதாஸைப் பார்க்கவே ரெனிஷாவுக்குக் குமட்டியது. முதுகைச் சொறிந்த கையாலேயே சோறு அள்ளிப்போட்ட மனுஷன்! நோய்க்கிருமிகளின் மரபணுவை ஆராய்கிறவள் அவள். அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"சீ! ஒமக்க நகத்தப் பாரும்" என்றபடி, சோதனைக்காக அவர் விரல்களைப் பஞ்சால் துடைத்தெடுத்தாள்.

"எத்தன வருசமா நான் வைக்க அசனம்! ஒருத்தருக்கும் வயித்துவலி வந்ததில்ல மக்கா."

"கிருமிக்க ஜீன் சொல்லும், யாருக்க அழுக்குன்னு."

சொல்லியது. செல்வதாஸின் விரல்களில் ஒன்றுமில்லை. மிஞ்சிய மோரில் இருந்தது கிருமி. அதற்குள் இருந்த ஒரு ஜீன், ஆராய்ச்சிக்காக ரெனிஷாவே வெட்டி ஒட்டியது. வேறெந்தக் கிருமியிலும் அது கிடையாது.

சோதனை முடிவை அவள் இன்னொரு முறை சரிபார்த்தாள். அதேதான்.

அன்று செல்வதாஸ் மோர் கலக்க எடுத்த வாளியை, "இந்த அழுக்குலயா?" என்று பிடுங்கி எறிந்தவள் அவள்தான். தன் காரிலிருந்து வெள்ளைவெளேரென்ற ஐஸ் பெட்டியை இறக்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஆய்வகத்துக்குக் கிருமிக் குப்பிகளைச் சுமந்த பெட்டி. துடைத்தது போதும் என்று நினைத்திருந்தாள்.

ரெனிஷா தன் நகங்களைப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தன.