நேட்டாலுக்குப் போன புடவை

“கோர்வையை விட்டுக்கினே போறீங்களே, பாக்கலையா?” என்றாள் வடிவு.

தறியின் மறுமுனையில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போடுகிறவள் அவள். புடவையின் உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டு நிறமும் சேருகிற இடத்தில் இழையோடு இழையைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதுதான் கோர்வை. அதில் அவள் புருஷன் குமாரவேல் கெட்டிக்காரன் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேர்.

“பாத்துதான் விடறேன். நீ வாயை மூடிக்கினு நாடாவைப் போடு.”

“யாருக்குப் போற புடவைன்னு தெரியுமில்ல?”

“தெரிஞ்சுதான் விடறேன்.”

லியாகத் அலிக்குப் போகிற புடவை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜரிகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தறி தறியாக ஏறி இறங்கினவன்தான் இந்த லியாகத். இரண்டு பேருமாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போவதாக இருந்தது. லியாகத்துக்கு அங்கே நேட்டாலில் மாமன் கடை இருந்தது, உள்ளே விடுகிற அனுமதிக் காகிதம் கிடைத்தது. குமாரவேலுக்கு அங்கே நாதி இல்லை. காகிதம் இல்லாத ஆளைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சென்னைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“நான் போய் உனக்கு வழி பண்றேன்பா” என்று சொல்லிவிட்டுப் போனான் லியாகத். இரண்டு வருஷம் கடிதத்தில் அதையே எழுதினான். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. குமாரவேல் மட்டும் தபால்காரனைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்பான்.

இப்போது லியாகத் வந்திருக்கிறான், கோட்டும் பூட்ஸுமாக. தெருவே அவன் பின்னால் போகிறது. குமாரவேலை ஏனென்று கேட்காத பெரிய மனிதர்கள் எல்லாம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கப்பல் கதை கேட்கிறார்கள். நம் ஆளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தாலும் எரிந்தது, அவன் வாய் நிறைய ‘குமாரு’ என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது.

வந்த மறுநாளே தறிக்கு வந்துவிட்டான் லியாகத்.

“ஒரு புடவை வேணும் குமாரு. உன் கையாலதான் நெய்யணும். வேற யார்கிட்டயும் குடுத்துடாதே.”

“யாருக்கு, உம்முசல்மாவுக்கா?” என்றான் குமாரவேல். உம்முசல்மா லியாகத்தின் மனைவி, நேட்டாலில் இருந்தாள்.

லியாகத் அதற்குச் சிரித்தான். “சீக்கிரம் வேணும்பா. அங்க ஒரு மனு குடுத்துட்டு, முடிவு தெரியறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டேன். துரை கூப்பிடற நாள்ல நான் எதிர்ல நிக்கலேன்னா மனுவைத் தள்ளிடுவாங்க. மாசிக்குள்ள போய்ச் சேரணும்.”

“அப்படி அவசரத்துல எதுக்குண்ணே வந்தீங்க?” என்றாள் வடிவு.

“இதுக்குத்தாம்மா” என்று தறியைக் காட்டினான் அவன்.

பெண்டாட்டி கட்டுகிற ஒரு புடவைக்காகக் கடல் தாண்டி வருகிற கொழுப்பைப் பார் என்று குமாரவேலுக்குத் தோன்றியது. மனு வேறாம். இருக்கிற கடை போதாதென்று இன்னொரு கடைக்குக் கேட்டிருப்பான். அதையும் கொடுத்துத் தொலைப்பார்கள். அவனுக்கு எதுதான் கிடைக்கவில்லை?

அன்றைக்குத்தான் முடிவு செய்தான். முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு, நாலு இழைக்கு ஓர் இழை கோக்காமல் விட்டான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எழுந்தால் உடல் தனியாகவும் கரை தனியாகவும் வரும். உம்முசல்மா கூனிக்குறுகி நிற்பதையும் லியாகத்தின் முகம் தொங்கிப்போவதையும் நினைக்க நினைக்கக் கை வேகமாக ஓடியது.

“உங்க பேருதானே கெடும்?” என்றாள் வடிவு.

“கடல் தாண்டி வந்து எவன் கேக்கப் போறான்?”

புடவை முடிந்தது. லியாகத் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “உன் வேலையை நான் பாக்கணுமா?” என்று வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினான்.

குமாரவேல் ரயிலடிக்கு வழியனுப்பவும் போனான். போகாவிட்டால் தெரு பேசுமே.

பெட்டியைப் பின்னால் சாமான் வண்டியில் ஏற்றியாயிற்று. மணி அடித்த பிறகு லியாகத் ஜன்னல் வழியாகக் குமாரவேலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“குமாரு, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கலை. அந்த மனு எனக்கில்லபா. உனக்கும் வடிவுக்கும் காகிதம் கேட்டுப் போட்டது.”

குமாரவேல் ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி வந்தான்.

“இதோட அஞ்சு தடவை கேட்டிருக்கேன். முன்னாடி நாலு தடவையும் தள்ளிட்டாங்க. அதை எழுதி உன் மனசை எதுக்கு ஒடிக்கணும்னு விட்டுட்டேன். இந்தத் தடவைதான் துரை கொஞ்சம் எறங்கி வந்தான். நேட்டால்ல இல்லாத கைத்தொழில்காரன்னா உள்ள விடறேன், அவன் கைவேலையைக் கொண்டாந்து காட்டுன்னான். அதான் ஓடியாந்தேன்.”

வண்டி நகர்ந்தது. குமாரவேல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தான். பிறகு ஓடினான்.

“லியாகத்து, அந்தப் புடவை...”

“அது பத்திரமா இருக்குது, நீ கவலைப்படாதே” என்று வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினான் லியாகத். “துரை எதிர்லயே ரெண்டு ஆளை விட்டு இழுக்கச் சொல்லப் போறேன். கோர்வை பிரிஞ்சா மனுவைக் கிழிச்சுப் போட்டுடுங்கன்னு எழுதியே குடுத்துட்டு வந்திருக்கேன்பா.”